வாய் மூடியவர்களும் வாய் விட்டவர்களும்

(பாளையங்கோட்டையில் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், பீடித் தொழிலாளர் பெண்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு நாங்குநேரியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனை வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே விழுந்து தடுத்த தங்கச்சியையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அந்தக் கோலத்தைப் பார்த்த சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்து உயிரை விட்டார்.

ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால் சாதி என்று ஒரே சொல்லில் பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் நான் இன்னொரு கேள்வி கேட்கிறேன். ஏன் அன்றைக்கு? முந்தின வாரம் இல்லை, அடுத்த வாரம் இல்லை, ஏன் ஆகஸ்ட் 9? அன்றைக்குத்தான் அவன் வாய் திறந்தான். சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தவனை, ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. கேட்டது நல்ல காரியம். பையன் சொன்னான். எழுதியும் கொடுத்தான். அன்று இரவே அரிவாள் வீட்டுக்கு வந்துவிட்டது.

"எதுன்னாலும் சாருகிட்ட சொல்லு, டீச்சர்கிட்ட சொல்லு" என்று நாம் ஒவ்வொருவரும் நம் பிள்ளைக்குச் சொல்லித்தான் அனுப்புகிறோம். அவனும் சொன்னான். சொன்ன செய்தி, அவனைக் காப்பாற்றக்கூடியவர்கள் கைக்கு வருவதற்கு முன்னால், அவனை வெட்டக்கூடியவர்கள் காதுக்குப் போய்விட்டது. நான் இன்று பேச வந்திருப்பது இதைப் பற்றித்தான். ஒரு பிள்ளை நம்மிடம் ஒன்றைச் சொன்னால் அதை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, யாரிடம் போகவிடாமல் காப்பது. இதைக் கற்றுக்கொள்ளாத ஊரில் "டீச்சர்கிட்ட சொல்லு" என்பது பிள்ளையை ஆபத்துக்குள் தள்ளிவிடுவது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தப் பையனின் பெயரை நான் சொல்லவில்லை. பள்ளியின் பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, குற்றத்துக்கு இலக்கான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்த வாரம் என்ன நடந்தது? பெயர் வந்தது. படம் வந்தது. பள்ளியின் பெயர் வந்தது. அடிபட்ட தங்கச்சியின் முகமும் வந்தது. ஆதரவு சொல்லப் போனவர்களே படம் எடுத்துப் போட்டார்கள். மனசு நல்ல மனசுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமை அவன் ஆயுசுக்கும் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும்படி செய்ய நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இந்தப் பொருநைக் கரையில் இரண்டு நோய் சேர்ந்தே இருக்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். சொல்லக் கூடாத இடத்தில் வாயைத் திறக்கிறோம். அதுவும் வேறு வேறு ஆட்கள் என்று நினைக்காதீர்கள், ஒரே ஆள்தான் இரண்டையும் செய்கிறார். போலீசுக்குச் சொல்லத் தயங்குகிற அதே மனிதர் டீக்கடையில் சொல்கிறார். குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று இருப்பதே தெரியாத அதே பள்ளி, புகார் கொடுத்த பிள்ளையைக் குற்றம் சாட்டப்பட்டவனின் எதிரிலேயே நிறுத்தி "சொல்லுடே, இவன்தானா?" என்று கேட்கிறது. கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் விடுகிறவர்கள் நாம். மடை வழியாகப் போனால் வயல் விளையும், கரை உடைத்துப் போனால் அதே தண்ணீர் பயிரை அழிக்கும், மடையையே அடைத்துவிட்டால் பயிர் கருகும் என்று நமக்குத் தெரியாதா? பிள்ளைகள் சொல்கிற செய்திக்கும் சட்டம் ஒரு மடை வைத்திருக்கிறது. அதைத்தான் நாம் பயன்படுத்துவதில்லை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவு. ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும், நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர் யாராக இருந்தாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்லியே ஆக வேண்டும். யாராக இருந்தாலும் என்றால் யாராக இருந்தாலும்தான். வாத்தியார், டாக்டர், நர்ஸ், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோக்காரர், செல்போன் ரிப்பேர் கடைக்காரர். பாதிரியாருக்கு விலக்கு இல்லை, பூசாரிக்கு இல்லை, ஹஜ்ரத்துக்கும் இல்லை. "அஞ்சுகிறவர்" என்ற சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் வேண்டும் என்று சட்டம் உங்களிடம் கேட்கவில்லை. கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. விசாரிப்பது போலீஸ் வேலை. சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை.

சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது என்று அதே 19-ஆவது பிரிவின் கடைசியில் எழுதியிருக்கிறது. "சார், நாளைக்கு அது பொய்யின்னு ஆயிட்டா என் மேல கேஸ் போட்ருவாங்களே" என்று என்னிடம் கேட்காத ஆசிரியர் குறைவு. கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே பொய் சொல்கிறவருக்குத்தான் தண்டனை. பிள்ளை தவறாகச் சொல்லியிருந்தால்கூட அந்தப் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 22-ஆவது பிரிவு. சட்டம் உங்களுக்கு இவ்வளவு பெரிய கேடயத்தைக் கொடுத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் வராமல், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

இப்போது மானத்துக்கு வருவோம். "எக்கா, வெளிய தெரிஞ்சா பிள்ளைக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்காது. விட்டுருங்க, நாங்களே பேசித் தீத்துக்கிடுதோம்." எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! பேசித் தீர்ப்பது என்றால் என்ன? ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்காருவார்கள். ஒரு தொகை பேசுவார்கள். செய்தவன் அதே தெருவில் நடமாடுவான். பிள்ளை அவனைத் தினமும் பார்க்கும். ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீது வந்த வழக்கில், குடும்பத்தார் சமரசம் பேசி முடித்துவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. இது இரண்டு குடும்பத்துக்கு இடையிலான தகராறு கிடையாது, சமூகத்துக்கே எதிரான குற்றம், சமரசத்தால் தீராது என்று தீர்ப்பு வந்தது. அம்மா, மானம் போனது செய்தவனுக்கு. உங்கள் பிள்ளைக்கு எந்த மானமும் போகவில்லை. இந்த ஊர் அதை மாற்றிச் சொன்னால் தப்பு ஊருடையது.

அடுத்தது பள்ளியின் பேர். இதில் எனக்குக் கோபம் அதிகம், மறைக்க மாட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2024 ஆகஸ்டில் வெளிவந்த கதை உங்களுக்குத் தெரியும். தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று போலியாக ஒன்று நடத்தினார்கள். அங்கே சிறுமிகளுக்குக் கொடுமை நடந்தது. பிள்ளைகள் பள்ளியிடம் சொன்னார்கள். பள்ளி போலீசுக்குச் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று பள்ளித் தரப்பினரே கைதானார்கள். அதற்கு முன், 2021 நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு மாணவி உயிரை விட்ட வழக்கிலும், ஆசிரியர் மீதான புகாரைக் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்று பள்ளி முதல்வர் கைது செய்யப்பட்டார். பிள்ளை நம்பிச் சொன்னது ஒரு கட்டிடத்தின் பேருக்காக மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. தாளாளர்களே, அட்மிஷன் குறையும் என்று பயப்படுகிறீர்கள். எங்கள் பள்ளியில் இப்படி ஒரு புகார் வந்தது, அன்றைக்கே போலீசுக்குச் சொன்னோம் என்று ஒரு பள்ளி சொல்லட்டும், என் பிள்ளையை அந்தப் பள்ளியில்தான் சேர்ப்பேன்.

மருத்துவர்கள் வேறு ஒரு நியாயம் சொல்வார்கள். நோயாளியின் ரகசியம் காப்பது எங்கள் தொழில் தர்மம் என்பார்கள். அது உண்மை. பெரியவர்கள் விஷயத்தில் அந்தத் தர்மத்துக்கு நான் தலைவணங்குகிறேன். குழந்தைக்குக் கொடுமை நடந்த இடத்தில் சட்டம் அதற்கு ஒரு எல்லை போட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கொடுமை நடந்தது. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் தகவல் சொல்லவில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரம் அது குற்றவாளிகளைக் காப்பாற்றும் முயற்சி என்று சொன்னது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் சரி, வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைத்திருந்தாலும் சரி, இது பொருந்தும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்று ஆகிவிடும். பதினேழு வயதுப் பிள்ளை. காதல். வயிற்றில் கரு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், போலீசுக்குப் போனால் ஊருக்குத் தெரியும். இந்த ஆற்றங்கரையில் சாதி மாறிய காதல் பற்றிய செய்தி தவறான வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் பிள்ளை ஆஸ்பத்திரிக்கே வராமல், யாரோ ஒருவரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுச் சாகிறது. இங்கே இருக்கும் செவிலியர்கள் தலையாட்டுகிறீர்கள், உங்களுக்குத் தெரியும். இதற்கும் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு. கருக்கலைப்புக்கு வந்த சிறுமியும் அவள் பொறுப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை. தகவல் போகும், பெயர் போகாது. எவ்வளவு நுட்பமான தீர்ப்பு பாருங்கள்! ஒரு உண்மையை முழுதாகக் கொட்டுவதற்கும் முழுதாக மறைப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே காட்டியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு தெரிந்த மருத்துவர் எத்தனை பேர்? தெரிந்த இன்ஸ்பெக்டர் எத்தனை பேர்? பெயர் சொன்னால்தான் கேஸ் எடுப்பேன் என்று நிற்கிற ஸ்டேஷனில் இந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

காவல்துறை என்றதும் இன்னொன்று. நீங்கள் தைரியமாகச் சொல்லிவிட்டீர்கள், பிறகு அந்த ரகசியத்தைக் காக்க வேண்டியவர்களே அதை வெளியில் விட்டால்? 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர் முன்னால் சொன்னார். சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் வந்தது. நம்முடைய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாடம் கற்றார்களா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியில் வந்துவிட்டது. பெயர், முகவரி எல்லாம். மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். அந்த இருவரும் சிறுமிகள் இல்லைதான். ஆனால் இதைப் பார்க்கிற ஒரு தாய், பெரிய பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் என் சின்னப் பிள்ளையை நம்பி எப்படி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவேன் என்று கேட்டால், எந்த அதிகாரி பதில் சொல்வார்? 2018 டிசம்பர் 11 அன்றே உச்ச நீதிமன்றம், போக்சோ வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் குற்றம் என்று மக்களைப் பயமுறுத்துகிற அரசு, தான் கசியவிட்டால் அது "தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்வதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

பத்திரிகைத் தம்பிகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். போக்சோ சட்டம் 23-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு, "இன்ன கிராமத்தைச் சேர்ந்த, இன்ன வேலை பார்க்கும் இன்னாரின் மூத்த மகள், இன்ன பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு" என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்கு அடையாளம் தெரியாது? குடும்ப விவரமும் பள்ளியும் அக்கம்பக்கமும் எழுதக் கூடாது என்று அந்தப் பிரிவு பெயரோடு சேர்த்தே சொல்கிறது. மீறினால் குறைந்தது ஆறு மாதம் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் வீடியோ வந்தால், "பாருங்க இந்த அநியாயத்தை" என்று கண்டித்துக்கூட அனுப்பாதீர்கள். நீங்கள் கண்டித்து அனுப்பினாலும் அந்தப் பிள்ளை இன்னும் ஐம்பது போனில் மறுபடியும் சீரழிகிறது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் போலீசுக்குச் சொல்லாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று, சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் காவல் நிலையம் ஒன்றுதான்.

நம்முடைய அலுவலகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதே வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்பது அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். பிள்ளையின் கையில் சூடு போட்ட தழும்பு இருப்பது செவிலியருக்குத் தெரியும். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பது பீடிக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். நாலு பேரும் நாலு துண்டை வைத்துக்கொண்டு, "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்று உட்கார்ந்திருக்கிறோம். நாலு துண்டையும் ஒரே மேசையில் வைத்தால் அந்தப் பிள்ளையின் முழுக் கதையும் தெரியும்.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருவர் அழைத்துவந்த பிள்ளை. உடம்பில் 128 காயம். இரண்டு மருத்துவமனைகள் அவளைப் பார்த்திருந்தன. போலீஸ் பார்த்திருந்தது. சமூகநலத் துறைகள் பார்த்திருந்தன. லார்ட் லேமிங் விசாரித்து 2003 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். குறைந்தது 12 முறை அவளைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது, ஒவ்வொரு முறையும் கைநழுவவிட்டார்கள் என்றார். பணம் இருந்த நாடு, படித்த அதிகாரிகள் இருந்த நாடு. ஒருவர் அறிந்ததை இன்னொருவரிடம் சேர்க்காததால் ஒரு பிள்ளை போனது. அந்த அறிக்கைக்குப் பிறகு 2004-இல் அவர்கள் சட்டத்தையே மாற்றினார்கள். நாங்குநேரிக்குப் பிறகு நாம் என்ன மாற்றினோம்?

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் வண்ணக் கயிறு வேண்டாம் என்றெல்லாம் அவர் சொன்னது செய்தியாக வந்தது, சண்டையும் நடந்தது. யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று அதில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றார். வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி, "நீ எஸ்.சி.தானே, ஸ்காலர்ஷிப் பாரத்துல கையெழுத்துப் போடு" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்வதும் ஒரு ரகசியத்தை உடைப்பதுதான் என்று நமக்கு யாராவது சொல்லித்தந்தார்களா? அந்தப் பிள்ளையின் சாதி அன்றோடு வகுப்பு முழுக்கத் தெரிகிறது. நாளைக்கு மைதானத்தில் அது என்னவாகும் என்று நமக்குத் தெரியும். 500 மாணவருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை வைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். நாங்குநேரிப் பையனுக்கு முதலில் அப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும். புகாரைக் கையில் வாங்கியதும், "இன்னைக்கு ராத்திரி இந்தப் பிள்ளை எங்க படுக்கும், யார் காவல்?" என்று கேட்கிற ஒரு ஆள்.

ஆசிரியர்களே, அப்படி ஒருவர் வரும்வரை அந்த ஆள் நீங்கள்தான். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?" என்று கேட்டால், சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அந்தச் சத்தியத்தை உங்களால் காக்க முடியாது, காக்கவும் கூடாது. "உன்னக் காப்பாத்துறதுக்கு யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்டதான் முதல்ல சொல்வேன்" என்று சொல்லுங்கள். அது உண்மை, பிள்ளைக்கும் புரியும். பிறகு கேளுங்கள். துருவாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் வார்த்தையில் திருத்தாதீர்கள். தேதி, நேரம் போட்டுப் பூட்டி வையுங்கள். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் முன்னால் மறுபடி சொல்லவைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அது உங்கள் வேலை இல்லை. குற்றம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்று சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு முதலில் போன் போடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போடுங்கள், போலீசுக்குப் போடுங்கள். தகவலைப் பதிவு செய்து எண் கொடுத்தார்களா, எழுதியதை வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. போலீசார் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வருகிறவர் கூடுமானவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. வாக்குமூலம் பற்றிய இந்த விதிகள் 24-ஆவது பிரிவில் இருக்கின்றன. மீறினால் கேளுங்கள்.

நம் பாளையங்கோட்டைக்கே உரிய ஒன்று உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் நூறு வருடத்துக்கு மேலாகப் பள்ளி நடக்கிற ஊர் இது. தனக்கு நடந்ததைச் சைகையில் மட்டுமே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த மொழி அறிந்த சிறப்பு ஆசிரியரின் உதவியைக் காவல்துறையும் நீதிமன்றமும் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஆசிரியர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். தென் மாவட்டம் முழுவதற்கும் அவர்களின் பட்டியல் ஒன்று காவல்துறையிடம் தயாராக இருக்க வேண்டாமா? மொழிபெயர்க்கிறவர் அந்த ரகசியத்தின் இன்னொரு காவலர் ஆகிறார். அதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டாமா?

பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி இருக்கிறது. நல்ல திட்டம். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். எந்த ஆசிரியரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர் கையிலேயே சாவி இருந்தால், எந்தப் பிள்ளை எழுதும்? அந்தப் பெட்டி யாருடைய கண் படுகிற இடத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், கொக்கிரகுளத்தில் ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். பெட்டியின் சாவி பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமும் இருக்க வேண்டும். ஒரு மாணவர் மீது புகார் வந்தால், புகார் கொடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்த பிறகே எதிர்த்தரப்புக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். கல்வி, சுகாதாரம், சமூகநலம், காவல் ஆகிய நாலு துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார வேண்டும், பிள்ளைகளைப் பெயரால் பேசாமல் எண்ணால் பேச வேண்டும். போக்சோ வழக்கின் காவல்துறைச் செய்திக் குறிப்பில் ஊரும் பள்ளியும் உறவும் வரக் கூடாது. நீதிபதி சந்துரு சொன்ன நல அலுவலர்கள் இந்த மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளியில் எப்போது வருவார்கள் என்று தேதி சொல்ல வேண்டும். மனுவில் எந்தக் குழந்தையின் பெயரும் இல்லை, எந்தச் சம்பவத்தின் விவரமும் இல்லை. பயப்படாமல் கையெழுத்துப் போடலாம். தாள் வாசலில் இருக்கும் மேசையில் இருக்கிறது, போகிறபோது போட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே சந்திப்போம்.